நடுவில் நிற்கும் கணம்

(போச்சம்பள்ளியில் தொடக்க, உயர்நிலை வகுப்புகளுக்குக் கணிதம் கற்பிக்கும் ஆசிரியர்களின் குறுவளமையக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



பத்தாம் வகுப்புக் கணிதப் புத்தகத்தின் முதல் பாடம் ‘உறவுகளும் சார்புகளும்’. ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் நாம் முதலில் நடத்துவது இதைத்தான். எளிமையான பாடம், மதிப்பெண் தரும் பாடம் என்று நினைத்து வேகமாக நடத்திவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவோம். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் நடத்தினேன். அந்த வேகத்தில் நான் செய்த ஒரு தவற்றைச் சொல்லித் தொடங்குகிறேன்.

ஒரு நாள் கரும்பலகையில் ஒரு கணக்குப் போட்டேன். மதிப்பகம் −2, −1, 0, 1, 2 என்ற ஐந்து எண்கள். துணை மதிப்பகம் 0, 1, 2, 3, 4 என்ற ஐந்து எண்கள். சார்பு, எண்ணை அதன் வர்க்கத்துக்கு அனுப்புகிறது. இது ஒன்றுக்கு ஒன்றான சார்பா? இல்லை, 2-ம் −2-ம் ஒரே 4-க்குப் போகின்றன. மேல் சார்பா? அதுவும் இல்லை, 2-க்கும் 3-க்கும் முன் உரு கிடையாது. ‘இரண்டும் அல்ல’ என்று எழுதி அடிக்கோடு போட்டேன்.

மூன்றாம் பெஞ்சில் இருந்த ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: “சார், அந்த 2, 3 ரெண்டையும் எடுத்துட்டா மேல் சார்பு ஆயிடுமே?”

“கணக்குல கொடுத்ததை நாம மாத்தக் கூடாது. துணை மதிப்பகம் கொடுத்தது கொடுத்ததுதான். உக்காரு” என்றேன்.

நான் சொன்னது தப்பில்லை. துணை மதிப்பகத்தை மாற்றினால் அது வேறு சார்பு. ஆனால் அவள் கேட்டதற்கு அது பதில் இல்லை. அதன் பிறகு அந்தப் பாடம் முடியும்வரை அவள் கை தூக்கவே இல்லை. சில ஆண்டுகள் கழித்து உயர் கணிதப் புத்தகம் ஒன்றைப் படித்தபோதுதான், அவள் கேட்டது ஒரு பெரிய கருத்தின் வாசற்படி என்று எனக்குப் புரிந்தது. அதைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள வந்திருக்கிறேன்.

அவள் சொன்னபடியே செய்து பார்ப்போம். 2, 3 இரண்டையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது 0, 1, 4. அதாவது வீச்சகம். இப்போது பயணத்தை இரண்டு கட்டமாகப் பிரிக்கலாம். முதல் கட்டம்: ஐந்து எண்களிலிருந்து 0, 1, 4 என்ற மூன்றுக்கு. இது மேல் சார்பு, எதுவும் காலியாக இல்லை. இரண்டாவது கட்டம்: அந்த 0, 1, 4 ஆகியவை துணை மதிப்பகத்தில் தங்கள் தங்கள் இடத்தில் போய் உட்காருவது. இது ஒன்றுக்கு ஒன்று, இரண்டு பேர் ஒரே இடத்தில் உட்காருவதில்லை. இரண்டையும் அடுத்தடுத்துச் செய்தால் பழைய சார்பே கிடைக்கிறது. கணக்கில் கொடுத்ததை நாம் மாற்றவில்லை. நடுவில் ஒரு கணத்தை வைத்தோம், அவ்வளவுதான். ஐந்திலிருந்து மூன்று, மூன்றிலிருந்து ஐந்து.

இந்தக் கணக்குக்கு மட்டும் அல்ல, எந்தச் சார்பை எடுத்தாலும் இப்படிப் பிரிக்கலாம். முதலில் சேர்ப்பது, பிறகு வைப்பது. ‘ஒன்றுக்கு ஒன்று அல்ல’ என்ற குறை முழுவதும் முதல் கட்டத்தில் அடங்கிவிடும். ‘மேல் சார்பு அல்ல’ என்ற குறை முழுவதும் இரண்டாவது கட்டத்தில் அடங்கிவிடும். ‘இரண்டும் அல்ல’ என்று நான் அடிக்கோடு போட்டு முடித்த இடத்தில்தான் பாடமே தொடங்கியிருக்க வேண்டும்.

நடுவில் நிற்கும் கணத்தை இன்னொரு விதமாகவும் உருவாக்கலாம். வீச்சகத்தைப் பார்க்காமல், மதிப்பகத்தில் யார் யார் ஒரே இடத்துக்குப் போகிறார்கள் என்று குழு பிரியுங்கள். −2-ம் 2-ம் ஒரு குழு. −1-ம் 1-ம் ஒரு குழு. 0 தனிக்குழு. மொத்தம் மூன்று குழுக்கள். பதினோராம் வகுப்பில் சமானத் தொடர்பு என்று நடத்துகிறோமே, அது இங்கே தானாக வந்து நிற்கிறது. ஒருவர் குழுக்களை நடுவில் வைக்கிறார், மற்றொருவர் வீச்சகத்தை நடுவில் வைக்கிறார். இருவரில் யார் சரி? இருவருமே சரி. ஒவ்வொரு குழுவையும் அது போய்ச் சேரும் எண்ணோடு கோத்தால் இரண்டும் ஒன்றாகப் பொருந்திவிடும். அப்படிப் பொருத்த ஒரே ஒரு வழிதான் உண்டு. இந்த ‘ஒரே ஒரு வழி’யை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள், இது நமக்கு இல்லை என்று நினைக்க வேண்டாம். நீங்கள் பின்னம் நடத்துகிறீர்கள். தொகுதி ஒன்று, பகுதி இரண்டு என்பது ஒரு சோடி. இரண்டும் நான்கும் ஒரு சோடி. மூன்றும் ஆறும் ஒரு சோடி. எழுதும்போது இவை வேறு வேறு. எண்கோட்டில் குறிக்கச் சொன்னால் மூன்றும் ஒரே புள்ளியில் வந்து விழுகின்றன. சோடிகளிலிருந்து எண்கோட்டுக்குப் போகும் சார்பின் நடுவில் நிற்கும் கணத்துக்குத்தான் பின்னம் என்று பெயர். ‘அரை’ என்பது ஒரு சோடி அல்ல, ஒரு குழு. நான்காம் வகுப்புக் குழந்தை “ரெண்டு கீழே நாலு எப்படி ஒண்ணு கீழே ரெண்டு ஆகும், எண்ணே வேறயா இருக்கே?” என்று கேட்டால் அது மந்தம் அல்ல. முதல் கட்டத்தில் என்ன நடக்கிறது என்று அந்தக் குழந்தை கேட்கிறது.

இனி உறவுக்கு வருவோம். நம் ஊர் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையை எடுத்துக்கொள்ளலாம். அதைத் தெரியாத பிள்ளை இந்தப் பக்கத்து வகுப்பறைகளில் இருக்க முடியாது. சந்தையில் ஒருவர் சரக்கு வரவைக் குறிப்பேட்டில் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இது நாமே வகுப்புக்காக உருவாக்கும் குறிப்பேடு. ஆறு வரிகள்:

1. சந்தூர் – மாங்காய்
2. சந்தூர் – மாங்காய்
3. மத்தூர் – தேங்காய்
4. பர்கூர் – புளி
5. மத்தூர் – தேங்காய்
6. மத்தூர் – புளி

ஒவ்வொரு வரிக்கும் ஓர் ஊர் உண்டு, ஒரு பொருள் உண்டு. ஆக, வரிகளின் கணத்திலிருந்து இரண்டு சார்புகள் கிளம்புகின்றன. ஒன்று ஊருக்கு, மற்றொன்று பொருளுக்கு. இரண்டையும் சேர்த்துப் பிடித்தால், ஊர்களையும் பொருள்களையும் கார்ட்டீசியன் பெருக்கல் செய்து கிடைக்கும் கணத்துக்குப் போகும் ஒரே சார்பு. மூன்று ஊர், மூன்று பொருள், மொத்தம் ஒன்பது வரிசைச் சோடிகள். வரிகள் ஆறு. சோடிகளில் உண்மையில் வந்தவை எத்தனை? சந்தூர்–மாங்காய், மத்தூர்–தேங்காய், பர்கூர்–புளி, மத்தூர்–புளி என நான்கு. ஆறிலிருந்து நான்கு, நான்கிலிருந்து ஒன்பது.

அந்த நான்குதான் உறவு. ‘கார்ட்டீசியன் பெருக்கலின் உட்கணமே உறவு’ என்று நாம் மனப்பாடம் செய்ய வைக்கிறோமே, அந்த உட்கணம் எங்கிருந்து வந்தது என்று சொல்வதில்லை. குறிப்பேடு முதலில் இருக்கிறது. திரும்பத் திரும்ப வந்ததை ஒன்றாக்கிய பின் நடுவில் நிற்பது உறவு.

உறவுகளைப் பற்றிய கணிதத்தை முதலில் முறையாக எழுதியவர்களில் ஒருவர் நமக்கு நன்றாகத் தெரிந்தவர். ஒன்பதாம் வகுப்பில் டி மார்கன் விதிகள் நடத்துகிறோம். அந்த அகஸ்டஸ் டி மார்கன் 1806-இல் பிறந்தது மதுரையில். அவருடைய தந்தை கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் பணியாற்றியவர். கைக்குழந்தையாக இருந்தபோதே குடும்பம் இங்கிலாந்துக்குப் போய்விட்டது. பின்னாளில் லண்டனில் கணிதப் பேராசிரியராக இருந்த அவர், 1860-இல் உறவுகளின் தர்க்கம் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஓர் உறவின் மேல் இன்னோர் உறவைத் தொடுப்பது எப்படி, ஓர் உறவைத் திருப்பிப் போடுவது எப்படி என்பதற்கெல்லாம் அதில் குறியீடு வகுத்தார். ‘பிள்ளை’ என்ற உறவின் மேல் ‘பிள்ளை’ என்ற உறவையே தொடுத்தால் ‘பேரப்பிள்ளை’ வருகிறது அல்லவா, அந்த மாதிரிதான்.

தொடுக்கும்போது ஒரு நுட்பம் இருக்கிறது. நம் சந்தைக்கே திரும்பி வருவோம். பொருள்கள் எந்த நகரத்துக்குப் போகின்றன என்று இரண்டாவது உறவு ஒன்றை வைத்துக்கொள்வோம். மாங்காய் கிருஷ்ணகிரிக்கு, தேங்காய் பெங்களூருக்கு, புளி பெங்களூருக்கும் சேலத்துக்கும். இப்போது ஊரிலிருந்து நகரத்துக்கு உறவு காண வேண்டும். சங்கிலிகளை எழுதச் சொல்லுங்கள்:

சந்தூர் – மாங்காய் – கிருஷ்ணகிரி
மத்தூர் – தேங்காய் – பெங்களூரு
மத்தூர் – புளி – பெங்களூரு
மத்தூர் – புளி – சேலம்
பர்கூர் – புளி – பெங்களூரு
பர்கூர் – புளி – சேலம்

ஆறு சங்கிலிகள். நடுவில் இருக்கும் பொருளை மறைத்துவிட்டால் மத்தூர்–பெங்களூரு இரண்டு முறை வருகிறது. உறவில் ஒரு சோடி ஒரு முறைதான் இருக்க முடியும். ஆகவே ஐந்து சோடிகள். மறுபடியும் அதே வேலை: ஆறிலிருந்து ஐந்து, ஐந்திலிருந்து ஒன்பது. உறவுகளைத் தொடுப்பது என்றால் சங்கிலி கட்டுவது, பிறகு அந்தச் சங்கிலிகளை மேல் சார்பு, ஒன்றுக்கு ஒன்று என்று இரண்டு கட்டமாகப் பிரித்து நடுவில் நிற்பதை எடுத்துக்கொள்வது.

இதைப் பிள்ளைகள் வீட்டிலேயே பார்த்திருப்பார்கள். அத்தை மகனைக் கட்டிக்கொண்ட ஒரு பெண்ணுக்குக் குழந்தை பிறக்கிறது. அந்த வீட்டுப் பெரியவருக்கு அந்தக் குழந்தை மகன் வழியிலும் கொள்ளுப்பேரன், மகள் வழியிலும் கொள்ளுப்பேரன். சங்கிலி இரண்டு, சோடி ஒன்று. ‘கொள்ளுப்பேரன்’ என்ற சொல் எந்த வழி என்று சொல்லாது. வழி தெரிய வேண்டும் என்றால் ‘மகள் வயிற்றுப் பேரன்’ என்பது போல நம்மவர்கள் நடுவில் இருக்கும் ஆளையும் சேர்த்தே சொல்வார்கள். உறவு எதை மறைக்கிறது என்று நம் மொழிக்குத் தெரிந்திருக்கிறது.

இதுவரை பேசியது கணங்களைப் பற்றி. மேல்நிலை ஆசிரியர்களுக்காக ஓர் எட்டு மேலே போகிறேன். 1945-இல் சாமுவேல் ஐலன்பெர்க், சாண்டர்ஸ் மெக்லேன் என்ற இருவர் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கேட்டகரி தியரி, அதாவது வகைக் கோட்பாடு, அதில் தொடங்குகிறது. அங்கே கணத்துக்குள் இருக்கும் உறுப்புகளைப் பார்க்க மாட்டார்கள். பொருள்கள் இருக்கும், அவற்றுக்கு இடையே அம்புகள் இருக்கும், அம்புகளை அடுத்தடுத்துத் தொடுக்கலாம். அவ்வளவே.

உறுப்பையே பார்க்காமல் ‘மேல் சார்பு’ என்று எப்படிச் சொல்வது? ‘ஒன்றுக்கு ஒன்று’ என்று எப்படிச் சொல்வது? அவர்கள் கண்ட வழி இதுதான். அம்புகளில் இரண்டு கூட்டங்களைத் தேர்ந்தெடு. முதல் கூட்டம் சேர்க்கும் அம்புகள். இரண்டாவது கூட்டம் வைக்கும் அம்புகள். எந்த அம்பை எடுத்தாலும் முதல் கூட்டத்து அம்பு ஒன்று, அதைத் தொடர்ந்து இரண்டாவது கூட்டத்து அம்பு ஒன்று எனப் பிரிய வேண்டும். ஒரே அம்பை இரண்டு பேர் வேறு வேறாகப் பிரித்தாலும், அவர்களுடைய நடுப்பொருள்கள் ஒரே ஒரு வழியில் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். நினைவில் வைக்கச் சொன்னேனே, அந்த ‘ஒரே ஒரு வழி’ இதுதான். இந்த ஏற்பாட்டைப் பகுப்பு முறைமை என்று தமிழில் சொல்லலாம். மெக்லேனே 1950 வாக்கில் இதன் முதல் வடிவத்தை எழுதினார். இன்று புத்தகங்களில் காணும் வடிவம் பீட்டர் ஃபிரெய்ட், மேக்ஸ் கெல்லி இருவரும் 1972-இல் வெளியிட்ட கட்டுரையை ஒட்டியது.

‘தேர்ந்தெடு’ என்று சொன்னேன். கணங்களுக்கு ஒரே தேர்வு போதும் போலத் தோன்றும். எல்லா இடத்திலும் அப்படி இல்லை. ஒரு நாளின் நேரத்தை நள்ளிரவு 0 மணியிலிருந்து 24 மணிக்கு முன்புவரை ஒரு நேர்கோட்டில் குறியுங்கள். அதையே 24 மணி நேரம் காட்டும் வட்டமான கடிகார முகப்பில் சுற்றி வையுங்கள். ஒவ்வொரு நேரத்துக்கும் முகப்பில் ஒரே ஓர் இடம். முகப்பில் காலி இடமும் இல்லை. ஒன்றுக்கு ஒன்று, மேல் சார்பு, தொடர்ச்சியும் உண்டு. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. கோட்டில் 0 மணியும் 23 மணி 59 நிமிடமும் இரண்டு கோடிகளில் இருக்கின்றன, முகப்பில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. இப்போது நடுவில் கோட்டை வைப்பதா, வட்டத்தை வைப்பதா? இரண்டுக்கும் தனித்தனிப் பகுப்பு முறைமை உண்டு. அருகாமை என்பதை முதல் கட்டத்திடம் கொடுக்கிறோமா, இரண்டாவது கட்டத்திடம் கொடுக்கிறோமா என்பது நம் தேர்வு. நடுவில் நிற்பது தானாக வந்து நிற்பதில்லை, நாம் எதைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறோமோ அதைப் பொறுத்து நிற்கிறது.

அந்தத் தேர்வு உறவுகளையும் பாதிக்கும். மூன்று உறவுகளைத் தொடுக்கும்போது முதல் இரண்டை முதலில் தொடுத்தாலும், கடைசி இரண்டை முதலில் தொடுத்தாலும் விடை ஒன்றாக வர வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். கணங்களில் அப்படியே வருகிறது. தேர்ந்தெடுத்த முறைமை சங்கிலி கட்டும்போது குலையாமல் இருந்தால் மற்ற இடங்களிலும் வரும். குலைந்தால் அந்த உத்தரவாதம் இல்லை. சேர்ப்புப் பண்பு என்று ஒரு வரியில் நாம் கடந்து போகும் விஷயத்துக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

வகுப்பில் என்ன செய்யலாம்? செலவில்லாத ஒரு செயல்பாடு சொல்கிறேன். தரையில் ஜனவரி முதல் டிசம்பர் வரை பன்னிரண்டு கட்டங்கள் வரையுங்கள். பிறந்த மாதத்தின் கட்டத்தில் பிள்ளைகளை நிற்கச் சொல்லுங்கள். மூன்று கேள்விகள் கேளுங்கள். யார் யார் சேர்ந்து நிற்கிறீர்கள்? எந்தக் கட்டம் காலி? ஆள் இருக்கும் கட்டங்கள் எத்தனை? முதல் கேள்வி முதல் கட்டம், இரண்டாவது கேள்வி இரண்டாவது கட்டம், மூன்றாவதுதான் நடுவில் நிற்கும் கணம். மூன்றாம் வகுப்புக்கு இது விளையாட்டு. பத்தாம் வகுப்புக்கு இதுவே பாடம். பிறகு தேர்வில் ‘மேல் சார்பா?’ என்று கேட்டால் காலிக் கட்டம் அவர்கள் கண்முன் நிற்கும்.

முடிக்கும் முன் நம்மைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும். நாமும் நாள்தோறும் சார்புகளைப் பயன்படுத்துகிறோம். 0 முதல் 100 வரையான மதிப்பெண்களை ‘தேர்ச்சி’, ‘தேர்ச்சி இல்லை’ என்ற இரண்டுக்கு அனுப்பும் சார்பு அதில் ஒன்று. 34-ம் 3-ம் ஒரு குழு. 35-ம் 100-ம் ஒரு குழு. மேலே அனுப்பும் படிவத்துக்கு அந்தச் சார்பு தேவைதான், குறை சொல்லவில்லை. ஆனால் முதல் கட்டத்தில் சேர்ந்துபோனதை இரண்டாவது கட்டத்திலிருந்து திரும்பப் பெற முடியாது. நேர்மாறு கிடையாது. ‘தேர்ச்சி இல்லை’ என்ற சொல்லைப் பார்த்து, கூட்டலில் கவனம் தப்பி 34 எடுத்த பிள்ளையையும், கேள்வித்தாளை வாசிக்கவே தடுமாறி 3 எடுத்த பிள்ளையையும் பிரித்தறிய முடியாது. இருவருக்கும் ஒரே சிறப்பு வகுப்பு வைத்தால் இருவருக்குமே பயன் இல்லை.

நம் மாவட்டத்தில் இது இன்னும் முக்கியம். வருகைப் பதிவேட்டில் எல்லாரும் ‘தமிழ் வழி’. வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளை, கன்னடம் பேசும் பிள்ளை, உருது பேசும் பிள்ளை, தொழிற்சாலை வேலைக்காக வெளிமாநிலத்திலிருந்து வந்த குடும்பத்தின் பிள்ளை எல்லாரும் அந்த ஒரு சொல்லில் சேர்ந்துவிடுகிறார்கள். ‘ஒன்றுக்கு ஒன்று’ என்ற சொற்றொடரே புரியாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அம்புக்குறிப் படம் போட்டுக் காட்டினால் போதும் என்பது அந்தப் பதிவேட்டைப் பார்த்தால் தெரியாது. படிவத்தை அனுப்புங்கள். குறிப்பேட்டை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். யார் யாரோடு சேர்க்கப்பட்டார்கள், எதை வைத்துச் சேர்த்தோம் என்று எழுதி வைக்கும் குறிப்பேடு அது.

அந்த மாணவியையும் நான் அப்படித்தான் ஒரு குழுவில் சேர்த்துவிட்டேன். பாடத்தை நடத்த விடாமல் குறுக்கே பேசுபவர்களின் குழுவில். அவளும் அவர்களும் எனக்கு ஒரே புள்ளியில் தெரிந்தார்கள். அவளுக்குப் பதில் சொல்லும் வாய்ப்பு அதன் பிறகு எனக்குக் கிடைக்கவில்லை. அதனால் உங்களிடம் சொல்கிறேன். வரும் ஜூனில் முதல் பாடம் நடத்தும்போது யாராவது எழுந்து, “சார், அதை எடுத்துட்டா ஆயிடுமே?” என்று கேட்டால், உட்காரச் சொல்லாதீர்கள். சாக்பீஸை அந்தப் பிள்ளையின் கையில் கொடுத்து, “எடுத்துட்டு என்ன ஆகுதுன்னு போட்டுக் காட்டு” என்று சொல்லுங்கள்.